பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் அந்த 12 நிமிடம்

சேவையை நிறுத்தாமல் ரிலீஸ் போடுவது என்று பேச்செடுத்தாலே உரையாடல் நேராகக் கருவிகளுக்குப் போய்விடுகிறது. குபர்னெட்டிஸா (பயன்பாடுகளைப் பல சர்வர்களில் ஓட்டி நிர்வகிக்கும் கருவி), புளூ-கிரீனா (பழையதுக்கு நீலம், புதியதுக்குப் பச்சை என்று இரண்டு சூழல் வைத்து டிராஃபிக்கைத் திருப்புவது), கேனரியா (டிராஃபிக்கில் சிறு பங்கை மட்டும் முதலில் புதியதுக்கு அனுப்பிப் பார்ப்பது)? அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு கணக்கு. 20 சர்வர்களில் ஓடும் பில்லிங் பயன்பாடு ஒன்றை ஐந்தைந்தாக மாற்றுகிறோம் ('ரோலிங் ரிலீஸ்' என்பது இதுதான்). ஒரு சுற்றுக்கு 3 நிமிடம், மொத்தம் 12 நிமிடம். அந்த 12 நிமிடமும் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே டேட்டாபேஸில் எழுதுகின்றன, ஒரே கியூவில் (பிறகு செய்ய வேண்டிய வேலைகளின் செய்தி வரிசை) செய்தி போடுகின்றன, ஒரே கேஷிலிருந்து (வேகத்துக்காக வைக்கும் தற்காலிக நகல்) படிக்கின்றன. ஒரு பயனரின் முதல் கிளிக் புதியதுக்குப் போகிறது, அடுத்த கிளிக் பழையதுக்கு. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

புளூ-கிரீனில் இந்தச் சிக்கல் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டு சூழல்களுக்கும் டேட்டாபேஸ் ஒன்றுதானே? டிராஃபிக்கை ஒரே நொடியில் திருப்பினாலும், பச்சையில் கோளாறு என்று நீலத்துக்குத் திரும்பும்போது, பச்சை எழுதிவைத்த தரவைப் பழைய நிரல் படித்தாக வேண்டும். ஆகவே எந்த முறையாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: இந்த மாற்றத்தோடு முந்தைய பதிப்பும் ஓடுமா? ஓடாது என்றால் மாற்றத்தை இரண்டாக, மூன்றாக உடைக்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, இரவில் அரை மணி நேரம் மூடிவிட்டுச் செய்தால் என்ன என்பவர்களுக்கு: 30 நாள் மாதத்தில் 99.95 சதவீத நேரம் சேவை கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் மூடிவைக்கக் கையில் இருப்பது 21.6 நிமிடம். 99.99 என்றால் 4.32 நிமிடம். அரை மணி நேரத்துக்கு அங்கே இடமே இல்லை.

நெடுவரிசையின் பெயரை மாற்றுவது எப்படி

டேட்டாபேஸில்தான் வேலை அதிகம், அதனால் அங்கிருந்தே தொடங்குவோம். வாடிக்கையாளர் டேபிளில் 'போன்' என்ற நெடுவரிசையை 'மொபைல்' என்று மாற்ற வேண்டும் என்று வையுங்கள். ஒரே வரி கட்டளை, சில மில்லிசெகண்டில் முடிந்துவிடும். முடிந்த அடுத்த கணமே பழைய பதிப்பு ஓடும் அத்தனை சர்வரும் 'போன் என்று எதுவும் இல்லை' என்று விழும்.

சரியான வழி நீளமானது. முதலில் 'மொபைல்' நெடுவரிசையை, காலியாக இருக்கலாம் என்ற அனுமதியோடு, சேர்க்க வேண்டும். நிரலில் எந்த மாற்றமும் இல்லை. அடுத்த ரிலீஸில் நிரல் இரண்டிலும் எழுதும், ஆனால் பழையதிலிருந்தே படிக்கும். இந்த ரிலீஸ் எல்லாச் சர்வர்களுக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் பழைய வரிசைகளில் புதிய நெடுவரிசையை நிரப்பும் வேலையைத் தொடங்க வேண்டும். 'எல்லா' என்பதைக் கோடிட்டுப் படியுங்கள். ஒரு சர்வர் விடுபட்டிருந்தாலும், நிரப்பும் ஸ்கிரிப்ட் கடந்து போன வரிசைகளில் அது பழைய நெடுவரிசையை மட்டும் மாற்றிவைக்கும். அந்தத் தரவு இரண்டு பக்கமும் பொருந்தாமல் நிற்கும், யாருக்கும் பிழைச்செய்தியும் வராது.

நிரப்பி முடித்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று எண்ணிப் பார்த்த பிறகு வரும் ரிலீஸில் புதியதிலிருந்து படிக்கலாம். ஆனால் எழுதுவது இன்னமும் இரண்டிலும்தான். இந்தப் படியை அவசரக்காரர்கள் தாண்டிவிடுவார்கள். புதியதிலிருந்து படிக்கத் தொடங்கிய அன்றே பழையதில் எழுதுவதை நிறுத்திவிட்டால், மறுநாள் ரோல்பேக் செய்யும்போது (பழைய நிரலுக்குத் திரும்பும்போது) முந்தைய பதிப்பு பழைய நெடுவரிசையைப் படிக்கும். அதில் ஒரு நாள் தரவு இருக்காது.

அதற்கடுத்த ரிலீஸில்தான் பழையதை விடலாம். அதற்கு முன் சிறிய கண்ணி ஒன்று: பழைய நெடுவரிசை 'நாட் நல்' (காலியாக இருக்கக் கூடாது) என்று கட்டுப்படுத்தப்பட்டு, இயல்பு மதிப்பும் (டிஃபால்ட்) இல்லாமல் இருந்தால், அதில் எழுதாத முதல் இன்செர்ட்டே (புது வரிசை சேர்க்கும் கட்டளை) தோற்கும். எனவே கட்டுப்பாட்டை முதலில் தளர்த்த வேண்டும். ஹைபர்நேட் போன்ற ஓஆர்எம்கள் (நிரலின் பொருள்களை டேபிள்களோடு இணைக்கும் நூலகங்கள்) தமக்குத் தெரிந்த நெடுவரிசைகளையெல்லாம் செலெக்டில் (தரவைப் படிக்கும் கட்டளை) பெயர் சொல்லிக் கேட்பவை. அதனால் நிரலில் 'போன்' என்ற சொல்லே இல்லாத பதிப்பு எங்கும் ஓடத் தொடங்கிய பிறகுதான் டிராப் (நெடுவரிசையை நீக்குவது). மொத்தம் மூன்று ரிலீஸ், இரண்டு அல்லது மூன்று ஸ்கீமா (டேபிள் அமைப்பு) மாற்றம், நடுவே ஒரு நிரப்பல். வெறும் அழகுக்காகப் பெயர் மாற்ற நினைப்பவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்து மனம் மாறினால் நல்லதே.

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் இன்னொரு தொல்லையும் உண்டு. நட்சத்திரக் குறி போட்டு எல்லா நெடுவரிசைகளையும் கேட்கும் குவெரியை 'பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்' ஆக (ஒருமுறை தயாரித்துத் திரும்பத் திரும்ப ஓட்டும் வடிவில்) வைத்திருந்தால், நெடுவரிசை சேர்ந்ததும் 'கேஷ்டு பிளான் மஸ்ட் நாட் சேஞ்ச் ரிசல்ட் டைப்' என்ற பிழை வரும். நெடுவரிசை சேர்ப்பது எப்போதும் ஆபத்தில்லாதது என்று நம்புகிறவர்களை இது நன்றாகவே குழப்பும். குவெரியில் பெயர்களை எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை.

பூட்டும் வரிசையும்

போஸ்ட்கிரெஸில் டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளையின் பெரும்பாலான வடிவங்கள், வேறு யாரும் படிக்கக்கூட முடியாத 'ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ்' பூட்டைக் கேட்கும். வேலை 5 மில்லிசெகண்டுதான் என்றாலும் பூட்டு கிடைக்க வேண்டுமே. அறிக்கை தயாரிக்கும் செலெக்ட் ஒன்று அந்த டேபிளில் 10 நிமிடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆல்டர் அதன் பின்னால் நிற்கிறது. அதற்குப் பிறகு வரும் சாதாரண செலெக்ட்டுகள் எல்லாம் ஆல்டருக்குப் பின்னால் நிற்கின்றன. செலெக்டும் செலெக்டும் ஒன்றையொன்று தடுக்காதவை, ஆனால் நடுவில் ஆல்டர் நிற்பதால் வரிசை முழுவதும் உறைந்துவிடும். கனெக்ஷன் பூல் (பயன்பாடு திறந்துவைத்திருக்கும் டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பு) சில நொடிகளில் நிரம்பும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது டவுன்டைம்தான். மானிட்டரிங் திரையிலோ டேட்டாபேஸின் சிபியு சும்மா இருப்பதாகக் காட்டும், அதனால் காரணம் தேடுவதிலேயே நேரம் போகும்.

இதற்கு மருந்து 'லாக் டைம்அவுட்'. இயல்பாக அதன் மதிப்பு 0, அதாவது முடிவில்லாமல் காத்திரு. மைக்ரேஷன் (ஸ்கீமாவை மாற்றும் ஸ்கிரிப்ட்) ஓடும் செஷனில் 2 நொடி என்று வையுங்கள். பூட்டு கிடைக்காவிட்டால் கட்டளை தோற்று விலகும், பின்னால் நின்றவை போய்விடும். 10 நொடி, 20 நொடி, 40 நொடி என்று இடைவெளி விட்டு மீண்டும் முயலட்டும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இதே சிக்கல் 'மெட்டாடேட்டா லாக்' என்ற பெயரில் வரும். அங்கே 'லாக் வெயிட் டைம்அவுட்'டின் இயல்பு மதிப்பு 31536000 நொடி. ஆம், ஓர் ஆண்டு.

பூட்டு கிடைத்த பிறகு எவ்வளவு நேரம் பிடித்துவைத்திருக்கும் என்பது தனிக் கேள்வி. போஸ்ட்கிரெஸ் 11 முதல், மாறாத இயல்பு மதிப்போடு நெடுவரிசை சேர்த்தால் டேபிள் முழுவதையும் திருப்பி எழுதுவதில்லை. வரிசைக்கு வரிசை மாறும் சீரற்ற எண் போன்ற மதிப்பு என்றால் இன்றும் எழுதும். மைஎஸ்க்யூஎல் 8.0.12-இல் கடைசி நெடுவரிசையாகச் சேர்ப்பது 'இன்ஸ்டன்ட்' (டேபிளைத் திருப்பி எழுதாமல் உடனே முடிவது) ஆனது, 8.0.29-இல் எந்த இடத்திலும் சேர்க்கலாம் என்றானது. அதற்கு அடங்காத மாற்றங்களுக்குப் பெர்கோனாவின் ஆன்லைன் ஸ்கீமா சேஞ்ச் கருவி, கிட்ஹப்பின் கோஸ்ட் என்று இரண்டு உண்டு. இரண்டுமே நிழல் டேபிள் ஒன்றை உருவாக்கி, நகலெடுத்து, கடைசியில் பெயரை மாற்றிப் போடுபவை. முன்னது இடையில் எழுதப்படுபவற்றை டிரிக்கர் (ஒவ்வொரு மாற்றத்தோடும் தானாக ஓடும் நிரல்) வழியாகப் பிடிக்கிறது, பின்னது பின்லாக்கை (மைஎஸ்க்யூஎல் வைக்கும் மாற்றப் பதிவேடு) படித்துப் பிடிக்கிறது. எழுதும் சுமை அதிகமுள்ள டேபிளில் டிரிக்கர்கள் பாரமாகும் என்பதால் அங்கே கோஸ்ட் நல்லது.

போஸ்ட்கிரெஸில் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போட 'கன்கரன்ட்லி' சேர்த்தே எழுத வேண்டும், இல்லையென்றால் இண்டெக்ஸ் கட்டி முடியும் வரை டேபிளில் எழுதுவது நிற்கும். இந்த வடிவம் டிரான்சாக்ஷனுக்குள் (எல்லாம் நடக்கும் அல்லது எதுவும் நடக்காது என்ற கட்டளைத் தொகுப்பு) ஓடாது. மைக்ரேஷன் கருவிகள் பல, எல்லாவற்றையும் டிரான்சாக்ஷனில் சுற்றுபவை. அந்தக் கோப்புக்கு மட்டும் அதை அணைக்க வேண்டும். நடுவில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிச்சமாகும். குவெரிகளுக்கு அது பயன்படாது, ஆனால் ஒவ்வொரு முறை எழுதும்போதும் செலவு வைக்கும். அதை டிராப் செய்துவிட்டுத்தான் மறுமுறை. 'இல்லையென்றால் மட்டும் உருவாக்கு' என்ற நிபந்தனையோடு மறுபடி ஓட்டினால், செல்லாத இண்டெக்ஸ் அதே பெயரில் இருப்பதைப் பார்த்து வெற்றி என்று சொல்லிப் போய்விடும்.

'நாட் நல்' கட்டுப்பாட்டையும் நேரடியாகப் போட்டால் பூட்டைப் பிடித்தபடியே டேபிள் முழுவதையும் படிக்கும். அதற்குப் பதிலாக, காலியாக இருக்கக் கூடாது என்ற செக் கட்டுப்பாட்டை 'நாட் வாலிட்' என்று சேர்த்து, பிறகு தனியாக 'வேலிடேட்' செய்யுங்கள். வேலிடேட் பிடிக்கும் பூட்டு எளியது, படிப்பதையும் எழுதுவதையும் தடுக்காது. போஸ்ட்கிரெஸ் 12 முதல், சரிபார்க்கப்பட்ட அந்த செக் இருந்தால் 'செட் நாட் நல்' டேபிளைப் படிக்காமலே முடிந்துவிடும். ஃபாரின் கீக்கும் (இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் கட்டுப்பாடு) இதே இரண்டு படி.

நிரப்பும் வேலை

2 கோடி வரிசைகளை ஒரே அப்டேட்டில் மாற்றினால் எல்லா வரிசைக்கும் நீண்ட நேரம் பூட்டு, ரெப்ளிகா (டேட்டாபேஸின் நகல் சர்வர்) பின்தங்கல், போஸ்ட்கிரெஸ் என்றால் 2 கோடி செத்த வரிசைகள் (இடத்தை அடைத்து நிற்கும் பழைய பிரதிகள்). நடுவில் தோற்றால் எல்லாம் முதலிலிருந்து. 5000 வரிசைத் தொகுதியாகப் பிரித்தால் 4000 தொகுதி. ஒவ்வொன்றுக்கும் 100 மில்லிசெகண்ட் வேலை, 200 மில்லிசெகண்ட் ஓய்வு என்றால் மொத்தம் 20 நிமிடம். இதற்கு அவசரப்பட எதுவும் இல்லை.

தொகுதியை ஆஃப்செட் வைத்து (முதல் இத்தனை வரிசையைத் தாண்டு என்று சொல்லி) நகர்த்தாதீர்கள், போகப்போக மெதுவாகும். கடைசியாகத் தொட்ட பிரைமரி கீயை (வரிசையின் தனி அடையாள எண்) நினைவில் வைத்து அதற்கு மேல் எடுங்கள். அந்த எண்ணைச் சிறு டேபிள் ஒன்றில் எழுதிவைத்தால் ஸ்கிரிப்ட் விழுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். புதிய நெடுவரிசை காலியாக இருக்கும் வரிசைகளை மட்டும் தொட வேண்டும். நேரடியாக எழுதப்பட்ட புதிய மதிப்பின் மேல் பழைய மதிப்பை அப்பிவிடக் கூடாது. ரெப்ளிகா பின்தங்கல் 5 நொடியைத் தாண்டினால் ஸ்கிரிப்ட் தானே நிற்கட்டும்.

சர்வர் விடைபெறும் விதம்

ரோலிங் ரிலீஸில் ஒவ்வொரு முறையும் நாலைந்து 502 பிழை (பின்னாலுள்ள சர்வரிடமிருந்து சரியான பதில் இல்லை என்பது) வருகிறது, 'அது சகஜம்' என்று விட்டுவிடுகிறார்கள். சகஜமில்லை, காரணம் உண்டு. குபர்னெட்டிஸ் ஒரு பாட்-ஐ (பயன்பாட்டின் ஒரு பிரதி ஓடும் அலகு) நீக்கும்போது சிக்டெர்ம் (முடித்துக்கொள் என்ற சிக்னல்) அனுப்புவதும், அந்தப் பாட்-ஐ எண்ட்பாயின்ட் பட்டியலிலிருந்து (கோரிக்கைகளை அனுப்ப வேண்டிய முகவரிகள்) எடுப்பதும் இணையாக நடக்கின்றன. ஒன்று முடிந்து மற்றொன்று இல்லை. பட்டியல் மாறிய செய்தி ஒவ்வொரு நோடுக்கும் (பாட்கள் ஓடும் கணினி), லோடு பேலன்சருக்கும் (கோரிக்கைகளைப் பிரித்து அனுப்புவது) போய்ச் சேர ஓரிரு நொடி ஆகும். அதற்குள் பயன்பாடு சிக்டெர்மைப் பார்த்ததும் போர்ட்டை மூடிவிட்டால், வந்துகொண்டிருக்கும் கோரிக்கைகள் கதவில் முட்டிக்கொள்ளும்.

சிக்டெர்முக்கு முன் ஓடும் 'பிரீஸ்டாப்' கொக்கியில் 10 நொடி தூங்கச் சொல்வது பார்வைக்குக் கேவலமாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். அந்த 10 நொடியும் பாட் பழையபடி பதில் சொல்லிக்கொண்டிருக்கும். பிறகு சிக்டெர்ம் வரும், புதிய இணைப்புகளை ஏற்பது நிற்கும், கையில் உள்ளவை முடியும். விடைபெறும் அவகாசத்தின் இயல்பு மதிப்பு 30 நொடி, பிரீஸ்டாப் தூக்கமும் அதற்குள்தான் கழியும். உங்கள் நீளமான கோரிக்கை 25 நொடி எடுக்கும் என்றால் 10-உம் 25-உம் சேர்ந்து 35 ஆகி, 30-ஆவது நொடியில் சிக்கில் (கட்டாயமாக நிறுத்தும் சிக்னல்) வந்து வெட்டும். 60 என்று வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் பலனில்லை என்றால் டாக்கர்ஃபைலை (பயன்பாட்டின் கண்டெய்னரை உருவாக்கும் கோப்பு) பாருங்கள். தொடக்கக் கட்டளையை ஷெல் வடிவில் எழுதியிருந்தால் முதல் பிராசஸாக ஷெல் உட்கார்ந்திருக்கும், சிக்டெர்ம் உங்கள் பயன்பாட்டுக்குப் போகாது. அவகாசம் முழுவதும் வீணாகக் கழிந்து கடைசியில் சிக்கில்தான் விழும். அடையாளம்: ஒவ்வொரு பாடும் மூட நீங்கள் வைத்த 60 நொடி முழுவதையும் மிகச் சரியாக எடுக்கும். கட்டளையைச் சதுர அடைப்புக்குறி வடிவில் எழுதினால் சரியாகிவிடும்.

கீப்அலைவ் (அடுத்த கோரிக்கைக்காக இணைப்பைத் திறந்தே வைப்பது) முரண்பாடு இன்னொன்று. அமேசானின் அப்ளிகேஷன் லோடு பேலன்சர் சும்மா இருக்கும் இணைப்பை 60 நொடி வைத்திருக்கும். சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட் ஜேஎஸ் நெடுநாளாக 5 நொடி என்ற இயல்பு மதிப்போடு வருவது. பேலன்சர் அனுப்பும் அதே கணத்தில் பயன்பாடு இணைப்பை மூடினால் 502. பயன்பாட்டின் மதிப்பு பேலன்சரைவிடக் கூடுதலாக, 65 நொடி போல, இருக்க வேண்டும்.

லைவ்னஸ் சோதனையில் (பாட் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மறுதொடக்கம் செய்வது) டேட்டாபேஸைத் தொடாதீர்கள். டேட்டாபேஸ் அரை நிமிடம் தடுமாறினால் எல்லாப் பாடும் ஒரே நேரத்தில் மறுதொடக்கமாகி, அத்தனையும் ஒன்றாகப் புது இணைப்பு கேட்டு, தடுமாறியதைப் படுக்கவைத்துவிடும்.

இணைப்புக் கணக்கையும் ரிலீஸ் நேரத்துக்குப் போட வேண்டும். 20 பாட், பூலில் 20 இணைப்பு என்றால் சாதாரண நாளில் 400. 'மேக்ஸ் சர்ஜ்' (ரிலீஸின்போது கூடுதலாக எழுப்பும் பாட்களின் அளவு) இயல்பாக 25 சதவீதம், ஆகவே ரிலீஸின்போது 25 பாட், 500 இணைப்பு. விடைபெற்றுக்கொண்டிருக்கும் பாட்களின் இணைப்புகள் இதற்கு மேல். டேட்டாபேஸில் உச்சவரம்பு 450 என்று வைத்திருந்தால் மற்ற நாளெல்லாம் சுகமாக ஓடி, ரிலீஸ் அன்று மட்டும் விழும்.

கியூ, கேஷ், பிரவுசர்

கியூவில் புதிய வடிவச் செய்தியைப் பழைய கன்சூமர் (செய்தியை எடுத்து வேலை செய்யும் நிரல்) எடுக்கும். எனவே இரண்டு வடிவத்தையும் படிக்கத் தெரிந்த கன்சூமர் முதலில் போக வேண்டும், புதிய வடிவில் எழுதும் புரொடியூசர் பிறகு. தெரியாத ஃபீல்டைக் கண்டால் கத்தாமல் கடந்து போகும்படி பார்சரை அமைத்திருந்தால் பாதித் தலைவலி குறையும். கேஷில் வைக்கும் பொருளின் வடிவம் மாறினால் கீயில் பதிப்பு எண்ணைச் சேருங்கள். ஆனால் எல்லாக் கீயும் ஒரே நொடியில் புதிதானால் கேஷ் முழுவதும் காலி என்று அர்த்தம், அந்தச் சுமை டேட்டாபேஸின் தலையில் இறங்கும். ரோலிங் ரிலீஸை மெதுவாக நகர்த்துவதற்கு அது ஒரு காரணம்.

பிரவுசரில் காலையில் திறந்த பக்கம் மாலை வரை திறந்தே இருக்கும். அது பழைய ஜாவாஸ்கிரிப்ட் துண்டுகளைக் கேட்கும். பெயரில் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட குறியீடு) உள்ள பழைய கோப்புகளைக் குறைந்தது ஒரு வாரம் சர்வரில் விட்டுவையுங்கள். காசு ஒன்றும் பெரிதாகப் போகாது.

புளூ-கிரீன் வைத்திருப்பவர்கள் மறக்கும் ஒன்று: சும்மா இருக்கும் சூழலிலும் கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) ஓடும். ஒரே இன்வாய்ஸ் இரண்டு முறை போகும். கிரானை டேட்டாபேஸ் பூட்டின் பின்னால் வையுங்கள்.

கேனரி என்ன சொல்லும், என்ன சொல்லாது

நொடிக்கு 100 கோரிக்கை வரும் சேவையில் 1 சதவீதத்தைப் புதிய பதிப்புக்கு அனுப்பி 10 நிமிடம் பார்த்தால் 600 கோரிக்கை. வழக்கமான பிழை விகிதம் 0.1 சதவீதம் என்றால் எதிர்பார்ப்பது 0.6 பிழை. புதிய பதிப்பில் பிழை இரட்டித்தாலும் 1.2. இந்த இரண்டையும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. திரை பச்சையாக இருக்கிறது என்று மகிழ்வது வெறும் சடங்கு. 10 சதவீதத்தை 30 நிமிடம் அனுப்பினால் 18000 கோரிக்கை, 18 பிழைக்கும் 36 பிழைக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஒரு சதவீதக் கேனரி, தொடங்கியதுமே விழும் பதிப்பைப் பிடிக்க உதவும், அவ்வளவே.

ஒப்பிடுவதும் சரியாக இருக்க வேண்டும். மூன்று வாரமாக ஓடிச் சூடேறிய ஜேவிஎம்மோடு (ஜாவா நிரல்களை ஓட்டும் இயந்திரம்) இப்போது பிறந்ததை ஒப்பிட்டால் புதியது எப்போதுமே மந்தமாகத் தெரியும். பழைய பதிப்பில் ஒரு பாடைப் புதிதாகத் தொடங்கி, அதற்கும் அதே அளவு டிராஃபிக் கொடுத்து, அதோடு ஒப்பிடுங்கள்.

ஃபிளாக்கும் ரோல்பேக்கும்

ஃபிளாக்கும் (நிரலில் ஒரு வசதியை இயக்கவும் அணைக்கவும் வைக்கும் சுவிட்ச்) ரோல்பேக்கும் கைகோத்துக் கெட்டதற்கு நைட் கேபிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தின் கதையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவிலேயே விவரம் இருக்கிறது. 2012 ஆகஸ்ட் 1. எட்டு சர்வர்களில் ஏழுக்குப் புதிய நிரல் போனது, ஒன்று விடுபட்டது. புதிய வசதியை இயக்க, 2003-இலேயே பயன்பாட்டை நிறுத்திய பழைய வசதி ஒன்றின் ஃபிளாக்கை மறுபடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். விடுபட்ட எட்டாவது சர்வரில் அந்த ஃபிளாக் பழைய வசதியை எழுப்பியது. சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் இழப்பு. நடுவில் கோளாறு என்று பதறி, சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை எடுத்தார்கள். ஃபிளாக் அணையாமல் இருந்ததால் அந்த ஏழும் எட்டாவதைப் போலவே நடக்கத் தொடங்கின.

இதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை: ஃபிளாக்கின் பெயரை ஒருபோதும் மறுபடி பயன்படுத்தாதீர்கள். எல்லாச் சர்வரிலும் என்ன பதிப்பு ஓடுகிறது என்பதைச் சர்வரிடமே கேட்டு எண்ணுங்கள், டெப்ளாய் கருவியின் 'வெற்றி' செய்தியை நம்பாதீர்கள். திரும்பும்போது முதலில் ஃபிளாக்கை அணைத்து, பிறகு நிரலை மாற்றுங்கள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பதால், இந்த வரிசையைக் கட்டளைகளாகவே எழுதி முன்கூட்டி ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

ரோல்பேக் என்றால் நிரலை மட்டும்தான். ஸ்கீமாவை பின்னோக்கி ஓட்டும் 'டவுன்' மைக்ரேஷன்கள் உற்பத்திச் சூழலில் தரவை அழிக்கும் கருவிகள், டெவலப்பர் கணினியோடு நிற்கட்டும். ஸ்கீமா முன்னோக்கி மட்டுமே போகும் என்றால், முந்தைய பதிப்பு புதிய ஸ்கீமாவில் ஓடுவதைச் சோதித்தாக வேண்டும். சிஐயில் (ஒவ்வொரு நிரல் மாற்றத்துக்கும் டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் அமைப்பு) ஒரு கூடுதல் வேலை: புதிய மைக்ரேஷன்களை ஓட்டிவிட்டு, இப்போது உற்பத்தியில் இருக்கும் பதிப்பின் டெஸ்ட்டுகளை அதன் மேல் ஓட்டுங்கள். 'போன்' நெடுவரிசையை அவசரப்பட்டு டிராப் செய்திருந்தால் இங்கேயே சிவப்பு விழும். மேலே சொன்ன எல்லாவற்றிலும் ஒன்றே ஒன்றைத்தான் இந்த வாரம் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

சில மாற்றங்களுக்கு இந்தப் பாடே வேண்டாம். 2147483647-ஐ நெருங்கிவிட்ட 32 பிட் பிரைமரி கீயை 64 பிட்டாக மாற்றுவது போன்றவை. நேரடியாக மாற்றினால் போஸ்ட்கிரெஸ் டேபிளையே திருப்பி எழுதும். நிழல் நெடுவரிசை, டிரிக்கர், நிரப்பல், பெயர் மாற்றம் என்று நிறுத்தாமலும் செய்யலாம். ஆனால் பத்துப் பதினைந்து டேபிள்கள் ஃபாரின் கீயால் அதைப் பிடித்திருந்தால், சிறிய நிறுவனம் ஒன்று அதற்கு இரண்டு மாதம் செலவிடுவதைவிடப் பத்து நிமிடம் படிக்க மட்டும் அனுமதிப்பது நேர்மையான முடிவு. அப்படிச் செய்தால் அதையும் முறையாகச் செய்யலாம்: படிக்கும் பக்கங்கள் ரெப்ளிகாவிலிருந்து தொடரட்டும், எழுதும் கோரிக்கைகளுக்கு 503-உம் (சேவை தற்போது இல்லை) 'ரீட்ரை-ஆஃப்டர்' ஹெடரும் (எப்போது மீண்டும் முயல வேண்டும் என்பது) போகட்டும், வெளியிலிருந்து வரும் வெப்ஹூக்குகளை (பிற சேவைகள் தாமாக அனுப்பும் அறிவிப்புகள்) மட்டும் பெற்றுக் கியூவில் போட்டுவைத்து, கதவு திறந்ததும் வந்த வரிசையிலேயே ஓட்டிவிடுங்கள்.